ட்ரிப்சின் படிகத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகளை நியூட்ரானில் பார்க்க: படிக அளவு, கனநீர் மாற்றம், பி.டி. கணக்கு

பூங்கோதை (கேள்வி):

வணக்கம். மாட்டு ட்ரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி), அதன் செயல்தளத்தில் அமரும் தடுப்பானான பென்சமிடின், இரண்டும் சேர்ந்த கூட்டுப் படிகத்தில் வேலை நடக்கிறது. 100 கெல்வினில் எடுத்த, 1.1 ஆங்ஸ்ட்ராம் ரெசல்யூஷன் (பிரிதிறன்; எண் குறையக் குறைய நுணுக்கம் கூடும்) உள்ள எக்ஸ்-கதிர் டேட்டா கையில் இருக்கிறது. அப்படியும் மூன்று இடங்களில் ஹைட்ரஜன் எந்த அணுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று, ஹிஸ்டிடின் 57-க்கும் அஸ்பார்டேட் 102-க்கும் நடுவில் உள்ள பிணைப்பு. இரண்டு, பென்சமிடினின் அமிடின் முனை அஸ்பார்டேட் 189-ஐப் பிடித்திருக்கும் இடம். மூன்று, எஸ்1 குழியை (பென்சமிடின் அமரும் பள்ளம்) ஒட்டிய நீர் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது.

நியூட்ரான் டேட்டாவுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறோம். செல் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டி) ஏறக்குறைய 55, 58, 67 ஆங்ஸ்ட்ராம், ஆர்த்தோராம்பிக் (கோணங்கள் எல்லாம் செங்கோணம்). இப்போதுள்ள படிகம் 0.4 × 0.3 × 0.3 மி.மீ. அம்மோனியம் சல்ஃபேட்டில் வளர்கிறது, மீட்டரில் பி.எச். 8 காட்டுகிறது. கேள்விகள்: இந்த அளவு போதுமா? புரதத்தை முழுக்க டியூட்டீரியத்தில் (கன ஹைட்ரஜன்) தயாரிக்க வேண்டுமா, அல்லது வளர்ந்த படிகத்தைக் கனநீரில் (டியூட்டீரியம் உள்ள நீர்) ஊறவைத்தால் போதுமா? அறை வெப்பமா, 100 கெல்வினா? 57–102 பிணைப்பு ‘குறைந்த தடை’ ஹைட்ரஜன் பிணைப்பா (புரோட்டானை இரண்டு அணுக்களும் ஏறக்குறைய நடுவில் பங்கிட்டுக்கொள்ளும் வலுவான பிணைப்பு) என்று இதில் தீர்த்துச் சொல்ல முடியுமா?

---

கனநீர்_ராஜா:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பதை அதுதான் முடிவு செய்யும். 2 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் வரைபடம் ‘புரோட்டான் எந்த அணுவின் மேல் இருக்கிறது’ என்பதற்கு நன்றாகப் பதில் சொல்லும். ‘இரண்டு அணுக்களுக்கும் நடுவில் துல்லியமாக எத்தனை ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கிறது’ என்பதற்குச் சொல்லாது. உங்கள் மூன்று இடங்களும் முதல் வகை. குறைந்த தடை என்பது இரண்டாம் வகை. அதை முதன்மை நோக்கமாக வைத்து பீம் டைம் (நியூட்ரான் கற்றை நேரம்) கேட்காதீர்கள்.

எக்ஸ்-கதிரில் ஏன் முடியவில்லை என்பது தெரிந்ததுதான்: ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒரே எலெக்ட்ரான், அதையும் பக்கத்து நைட்ரஜனோ ஆக்சிஜனோ தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 1 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே போனாலும் நன்றாக அடங்கிய பகுதிகளில் மட்டும்தான் சில ஹைட்ரஜன்கள் தெரியும். நீங்கள் தேடும் துருவ ஹைட்ரஜன்கள்தான் முதலில் மறையும். நியூட்ரான் கருவில் பட்டுச் சிதறுவதால் கணக்கே மாறுகிறது. சிதறல் நீளம் (ஓர் அணு நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்ற அளவு) கார்பனுக்கு 6.65 ஃபெம்டோமீட்டர், நைட்ரஜனுக்கு 9.36, ஆக்சிஜனுக்கு 5.80, டியூட்டீரியத்துக்கு 6.67. ஆக டியூட்டீரியம் கார்பனுக்குச் சமமாகத் தெரியும். சாதாரண ஹைட்ரஜனுக்கு −3.74, அது வரைபடத்தில் எதிர்மறைக் குழியாக விழும்.

அந்த எதிர்மறைக் குறிதான் தொல்லையும். சிஎச்2 குழுவில் 6.65-இலிருந்து இரண்டு 3.74 கழித்தால் −0.83, சுமாரான ரெசல்யூஷனில் பக்கச்சங்கிலி அங்கங்கே அறுந்த மாதிரி தெரியும். சாதாரண நீரின் மொத்தம் −1.7 தான், கனநீரின் மொத்தம் 19.1. உங்கள் மூன்றாவது கேள்விக்குக் கனநீர் கட்டாயம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். அதோடு ஹைட்ரஜனின் ஒத்திசைவற்ற சிதறல் (புள்ளிகளுக்கு உதவாமல் பின்னணியாகப் பரவுவது) 80 பார்ன் (குறுக்குப்பரப்பின் அலகு), டியூட்டீரியத்துக்கு 2 பார்ன். படிகத்தில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜனும் பின்னணியைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கும்.

படிக அளவு: 0.4 × 0.3 × 0.3 என்றால் 0.036 கன மி.மீ. ஊறவைத்து மாற்றிய படிகத்துக்கு இது போதாது. உங்கள் செல்லுக்கு 0.5 கன மி.மீ.யாவது குறிவையுங்கள், அதாவது பக்கத்துக்கு 0.8 மி.மீ. 1 கன மி.மீ. வந்தால் நிம்மதி. முழுக்க டியூட்டீரியமாக்கிய புரதமாக இருந்தால் 0.1 அளவிலும் வேலை நடக்கும். ஆனால் ட்ரிப்சினுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு டைசல்ஃபைடு பிணைப்பு உள்ள புரதம், ஈ. கோலையில் வளர்த்தால் பெரும்பாலும் இன்க்ளூஷன் பாடியாகத்தான் (சரியாக மடியாத புரதக் கட்டி) கிடைக்கும், அதை மறுபடி மடித்து, ட்ரிப்சினோஜனை (செயல்படாத முன்வடிவம்) வெட்டி உயிர்ப்பிக்க வேண்டும். இத்தனையையும் கனநீர் ஊடகத்திலும் டியூட்டீரிய கிளிசராலிலும் செய்தால் செலவு எகிறும், விளைச்சல் சரியும். உங்கள் கேள்விகள் எல்லாம் மாறக்கூடிய ஹைட்ரஜன்களைப் பற்றியவை. அவற்றுக்கு ஊறவைத்தலே போதும்.

பெரிய படிகம் வளர்க்க முதலில் சரக்கைக் கணக்குப் பாருங்கள். செல்லில் நான்கு மூலக்கூறு, மூலக்கூறுக்கு 23.3 கிலோடால்டன், உங்கள் செல் கனஅளவுக்கு வகுத்தால் 1 கன மி.மீ. படிகத்துக்குள் மட்டும் 0.7 மி.கிராம் புரதம் இருக்கிறது. மி.லி.க்கு 20 மி.கிராம் உள்ள கரைசலில் 10 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் மொத்தமே 0.2 மி.கிராம்தான். எத்தனை மாதம் காத்தாலும் அந்தச் சொட்டில் இந்தப் படிகம் வராது. ஒன்பது குழிக் கண்ணாடித் தட்டில், மூடிய பெட்டிக்குள், 100 முதல் 200 மைக்ரோலிட்டர் வரை சொட்டு வையுங்கள். வீழ்படிவாக்கியை (அம்மோனியம் சல்ஃபேட்) தற்போதுள்ள அளவிலிருந்து 10–20 சதவீதம் குறைத்து, புதிதாகக் கரு உண்டாகாத, ஆனால் இருக்கிற படிகம் வளரக்கூடிய பகுதிக்கு வாருங்கள். பிறகு ஒற்றை விதைப் படிகத்தைச் சற்றே நீர்த்த கரைசலில் சில நொடி கழுவி, மேற்பரப்பு லேசாகக் கரைந்ததும் புதுச் சொட்டில் இறக்குங்கள். கழுவாமல் போட்டால் விதையோடு ஒட்டிவந்த தூள் எல்லாம் தனித்தனியே முளைத்துவிடும்.

கடையில் வாங்கும் ட்ரிப்சினில் ஒற்றைச் சங்கிலி பீட்டா வடிவமும், தன்னைத்தானே வெட்டிக்கொண்ட ஆல்ஃபா வடிவமும் கலந்திருக்கும். சின்னப் படிகத்தில் இது பெரிதாகத் தெரியாது. பெரிதாக வளர்க்கும்போது பரப்பில் அடுக்கடுக்காகக் கோளாறு சேர்ந்து மொசைசிட்டி (படிகத்தின் உள்ளொழுங்கு குலைந்த அளவு) ஏறும். அயனிப் பரிமாற்ற நிரலில் பீட்டாவைப் பிரித்தெடுத்து, உடனே பென்சமிடின் சேர்த்துவிடுங்கள். கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பூங்கோதை:

மிக்க நன்றி. பெரிய சொட்டுகளை இந்த வாரமே போடுகிறோம். கனநீர் மாற்றத்தைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? நேரடியாகக் கனநீர் கரைசலில் போட்டபோது படிகத்தில் விரிசல் விழுந்தது. அமில பி.எச்.இல் புரதத்தைக் கனநீரில் முன்கூட்டியே வைத்திருந்து, பிறகு படிகமாக்கினால் மாற்றம் முழுமையாகுமா? அமிலத்தில் அது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாது என்பதால் கேட்கிறேன்.

---

தேன்மொழி:

அமில வழி வேண்டாம். பி.எச். 3 வாக்கில் ட்ரிப்சின் தன்னை வெட்டிக்கொள்வது நிற்கும் என்பது சரி. ஆனால் முதுகெலும்பு அமைடு ஹைட்ரஜன் (புரதச் சங்கிலியின் நைட்ரஜனில் உள்ளது) மாறும் வேகம் மிகக் குறைவாக இருப்பதும் அதே 2.5–3 வாக்கில்தான். அதற்கு மேலே ஒவ்வொரு பி.எச். அலகுக்கும் வேகம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். ஆகவே பி.எச். 8-இல் வளர்ந்த படிகத்தையே மாற்றுவது நல்லது.

விரிசலுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். கனநீரின் அடர்த்தி சாதாரண நீரைவிட ஏறக்குறைய 11 சதவீதம் கூடுதல். எடைக்கு எடை கணக்கில் கரைசல் தயாரித்தால் உப்பின் செறிவே மாறிவிடும். கனஅளவு கணக்கில், மோலாரிட்டியில் தயாரியுங்கள். இரண்டாவது, ஒரே மூச்சில் மாற்றியது. முதலில் ஆவி வழியாக மாற்றுங்கள்: படிகத்தைக் குவார்ட்ஸ் குழாயில் ஏற்றி, சுற்றியுள்ள திரவத்தைக் காகிதத் திரியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சில மி.மீ. தள்ளி கனநீர்த் தாய்க்கரைசலை (படிகம் வளர்ந்த அதே கலவை, கனநீரில்) செருகுபோல வைத்து அடையுங்கள். அந்தச் செருகை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். மூன்று நான்கு வாரம் விட்டால் படிகத்துக்கு அதிர்ச்சியே இல்லாமல் மாற்றம் நடக்கும்.

சாதாரண ஆய்வகக் கண்ணாடிக் குழாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள். போரோசிலிகேட்டில் போரான் இருக்கிறது. போரான்-10-இன் நியூட்ரான் உறிஞ்சல் 3800 பார்னுக்கு மேல். கற்றையைக் குழாயே விழுங்கிவிடும். குவார்ட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், விட்டம் 2 முதல் 4 மி.மீ.

இனி அம்மோனியம் சல்ஃபேட். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு மூலக்கூறில் மாறக்கூடிய ஹைட்ரஜன் எட்டு. 2 மோலார் கரைசலில் அப்படி லிட்டருக்கு 16 மோல் ஹைட்ரஜன் வந்து சேரும். அந்த லிட்டரில் கனநீர் தரும் டியூட்டீரியம் சுமார் 100 மோல். கலந்து சமநிலைக்கு வந்தால் ஏறக்குறைய 14 சதவீதம் ஹைட்ரஜன். மாற்றம் ‘முழுமையாக’ நடந்த இடத்திலும் சராசரிச் சிதறல் நீளம் 6.67-க்குப் பதில் 5.2 ஆக இறங்கிவிடும், பின்னணியும் ஏறும். உப்பைக் கனநீரில் கரைத்து உலர்த்தி, மறுபடி கரைத்து உலர்த்தி, இப்படி இரண்டு மூன்று சுற்று செய்த பிறகுதான் தாய்க்கரைசலுக்குப் பயன்படுத்த வேண்டும். மில்லிமோலார் அளவில் இருக்கும் பஃபர், கால்சியம் குளோரைடு, பென்சமிடின் உப்பு ஆகியவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பி.டி. (கனநீரில் பி.எச்.க்கு இணையான அளவு) கணக்கு: சாதாரண நீர் பஃபரில் அளவு சரிசெய்த கண்ணாடி எலெக்ட்ரோடு கனநீரில் 0.4 குறைவாகக் காட்டும். ஆகவே பி.டி. = மீட்டர் காட்டும் எண் + 0.4. ஆனால் பெரும்பாலான அமிலக் குழுக்களின் பி.கே.ஏ.வும் (ஒரு குழுவில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பி.எச்.) கனநீரில் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். எனவே உங்கள் புரோட்டான் நிலை எக்ஸ்-கதிர்ப் படிகத்தோடு ஒத்துப்போக வேண்டுமானால் மீட்டரில் அதே 8 வரும்படி வைத்துக்கொண்டு, கட்டுரையில் பி.டி. 8.4 என்று எழுதுங்கள். பி.டி.யை 8 ஆக்குகிறேன் என்று மீட்டரில் 7.6-க்குக் கொண்டுபோனால் ஹிஸ்டிடின் 57 போன்ற, 7-ஐ ஒட்டிய பி.கே.ஏ. உள்ள குழுவில் விடையே மாறக்கூடும். சரிசெய்யச் சோடியம் டியூட்டெராக்சைடும் டியூட்டீரியம் குளோரைடும் பயன்படுத்துங்கள்.

சின்ன விஷயம், ஆனால் படிகத்தைக் காவு வாங்கும்: கனநீர் உறையும் வெப்பநிலை 3.8 டிகிரி செல்சியஸ். உப்பு நிறைய உள்ள செருகு தப்பித்துவிடும். உப்பு குறைந்த நிலையில் குளிரறையில் 4 டிகிரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கனநீர் பாட்டிலைத் திறந்துவைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சென்னை மாதிரி ஊரில் மூடி திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதே பாதி வேலை.

உள்ளே புதைந்த பீட்டா பீப்பாயின் அமைடுகள் மாதக்கணக்கானாலும் முழுதாக மாறாது. நியூட்ரான் படிகவியலாளர் கொசியாகாஃப் 1982-இல் ட்ரிப்சின் படிகத்தில் எந்த அமைடு மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தே புரதத்தின் அசைவைப் பற்றி எழுதினார். உங்கள் கேள்விக்கு அது இடைஞ்சல் இல்லை. செயல்தளம் கரைசலை ஒட்டியே இருக்கிறது.

---

லாவே:

ராஜாவும் தேன்மொழியும் சொன்னதோடு பீம்லைன் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்த அளவு செல்லுக்குப் பின்வரும் எந்த நியூட்ரான் கருவிக்கும் போகலாம். பிரான்சின் கிரெனோபிளில் ஐஎல்எல்-இன் லாடி, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் மாண்டியும் இமேஜினும், ஜப்பானின் டோக்காயில் ஜே-பார்க்கின் ஐபிக்ஸ், ஜெர்மனியின் கார்ஷிங்கில் பயோடிஃப். உலைகளும் ஸ்பலேஷன் மூலங்களும் (புரோட்டான் கற்றையை மோதவிட்டு நியூட்ரான் உண்டாக்குபவை) பராமரிப்புக்காக நீண்ட காலம் நிற்பது வழக்கம். எது ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே படிகத்தைத் திட்டமிடுங்கள். மும்பை டிராம்பேயில் துருவா உலையிலும் ஒற்றைப் படிக வேலை உண்டு, ஆனால் அது சின்ன மூலக்கூறுகளுக்கு ஏற்றது. அமினோ அமிலங்களின் ஹைட்ரஜன் பிணைப்பு வடிவியலை ஆர். சிதம்பரம் குழு நியூட்ரானில் அளந்தது டிராம்பேயில்தான். புரதத்தில் ஹைட்ரஜன் எந்தத் தூரத்தில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று இன்று நாம் எதிர்பார்ப்பதற்கு அந்த வகை அளவுகள்தான் ஆதாரம்.

லாடி லாவே முறை: ஒரு அலைநீளத்துக்குப் பதில் ஒரு பட்டையை முழுதாக எடுக்கும், படிகம் அசையாமல் நிற்கும், ஒரு படத்துக்குப் பல மணி நேரம். ஃப்ளக்ஸ் (நியூட்ரான் வரத்து) கூடும், ஆனால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், பின்னணியும் கூடும். மாண்டியும் ஐபிக்ஸும் நியூட்ரான் வந்து சேரும் நேரத்தை வைத்து அலைநீளத்தைப் பிரிப்பதால் அந்தச் சிக்கல் குறைவு. பயோடிஃப் ஒற்றை அலைநீளம்; டேட்டா சுத்தமாக வரும், நேரம் பிடிக்கும். எங்கே போனாலும் முழுத் தொகுப்புக்கு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாவேயில் 80 சதவீத முழுமை (எதிர்பார்த்த புள்ளிகளில் அளக்க முடிந்த பங்கு) வந்தாலே ஏற்றுக்கொள்ளும் அளவுதான். எக்ஸ்-கதிரில் பழகிய கண்ணுக்கு அது குறையாகத் தெரியும். அதற்காக நல்ல டேட்டாவை ஒதுக்கிவிடாதீர்கள்.

எக்ஸ்-கதிரில் 1.1 வந்ததால் நியூட்ரானிலும் அருகில் வரும் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். 1.8–2.0 என்று எழுதுங்கள். முதல் நாள் ஒரு சோதனைப் படம் கேளுங்கள். படிகம் தேறுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வெப்பநிலை: முதல் முறைக்கு அறை வெப்பம். நியூட்ரான் இந்த ஆற்றலில் படிகத்தைச் சேதப்படுத்துவதில்லை என்பதால் குளிர்விக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 100 கெல்வினில் பி-மதிப்பு (அணுக்களின் அசைவளவு) இறங்கும், ஹைட்ரஜன் கூர்மையாகும், உண்மைதான். ஆனால் 1 கன மி.மீ. படிகம் முழுதும் ஒரே வேகத்தில் உறையாது. வெளிப்புறம் உறைந்து நடுப்பகுதி பின்தங்கினால் மொசைசிட்டி கூடி, புள்ளிகள் கோடாக இழுபடும். டியூட்டீரிய கிளிசரால் ஊடுருவவும் நேரம் வேண்டும். இடைநிலை வினைப்பொருளைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் குளிர் தவிர்க்க முடியாதது. சைட்டோக்ரோம் சி பெராக்சிடேஸ் நொதியின் காம்பவுண்டு 1 என்ற இடைநிலையை 2014-இல் அப்படித்தான் பார்த்தார்கள். இரும்பின் மேல் உள்ள ஆக்சிஜனில் புரோட்டான் இல்லை என்று தெளிவானது.

அறை வெப்பத்தில் எடுத்தால் உங்கள் 100 கெல்வின் எக்ஸ்-கதிர் டேட்டாவோடு அதைச் சேர்த்துச் சீராக்க (அணு மாதிரியை டேட்டாவுக்குப் பொருத்த) முடியாது. நியூட்ரான் முடிந்ததும் அதே படிகத்திலோ, அதே சொட்டில் வளர்ந்து அதேபோல மாற்றிய இன்னொன்றிலோ அறை வெப்பத்தில் எக்ஸ்-கதிர் எடுங்கள். வரிசை முக்கியம்: நியூட்ரான் முதலில். இன்னொன்று, கற்றையிலிருந்து இறக்கியதும் படிகத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. தாய்க்கரைசலில் சோடியம் இருந்தால் சோடியம்-24 உண்டாகும், அரை ஆயுள் 15 மணி நேரம். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு விடுவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பயணச்சீட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

வாரக்கணக்கில் நிற்கும்போது குழாயின் ஒரு முனை மட்டும் சற்றுச் சூடானாலும் ஆவி அங்கிருந்து இங்கே நகர்ந்து படிகத்தின் மேல் துளியாகப் படியும், படிகம் வழுக்கும். ஒரு டிகிரியின் பகுதிதான் நகர்ந்தாலும் லாவே படத்தில் முழு வரிசையும் தள்ளிப்போகும். படிகத்தை இரண்டு பக்கமும் குவார்ட்ஸ் இழையால் அண்டைகொடுத்து நிறுத்துங்கள்.

---

பூங்கோதை:

எல்லாருக்கும் நன்றி. சீராக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது. ஹிஸ்டிடினின் ஒரு நைட்ரஜனில் டியூட்டீரியம் தெரியவில்லை என்றால், அங்கே புரோட்டான் இல்லை என்று எழுதிவிடலாமா?

---

வரைபடம்:

எழுதிவிடக் கூடாது. இந்த முறையில் மனிதர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

மாறக்கூடிய ஓர் இடத்தில் டியூட்டீரியம் எக்ஸ் பங்கு, ஹைட்ரஜன் மிச்சம் என்றால், தெரிவது 6.67எக்ஸ் − 3.74(1 − எக்ஸ்). எக்ஸ் 0.36 வரும்போது இது பூச்சியம். மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாறிய இடம், புரோட்டானே இல்லாத இடம் போலவே வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே ஒரு நைட்ரஜன் வெறுமையாகத் தெரிந்தால் முதலில் சுற்றியுள்ள இடங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பாருங்கள். செரின் 195, பக்கத்து நீர், அண்டை அமைடுகள் எல்லாம் 0.8-க்கு மேல் டியூட்டீரியம் காட்டினால் அந்த வெறுமையை நம்பலாம். சுற்றுவட்டாரமே பாதி மாறிய நிலையில் இருந்தால் நம்பாதீர்கள்.

அதேபோல ஓர் இடத்தில் பாதி அடர்த்தி தெரிந்தால், பாதி மூலக்கூறுகளில்தான் புரோட்டான் இருக்கிறதா, அல்லது எல்லாவற்றிலும் இருந்து ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் கலந்திருக்கிறதா என்று ஒரே டேட்டாவை வைத்துப் பிரிக்க முடியாது. தேன்மொழி அம்மோனியம் சல்ஃபேட்டைப் பற்றி அவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான். 14 சதவீதக் கலப்பே எல்லா இடத்தையும் இந்தச் சந்தேகத்தின் பக்கம் தள்ளிவிடும்.

சீராக்கும் வழி: ஃபீனிக்ஸ் மென்பொருளில் நியூட்ரானும் எக்ஸ்-கதிரும் சேர்த்து. அணுக்களின் எண்ணிக்கை ஹைட்ரஜனால் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, நியூட்ரான் டேட்டாவோ குறைவு. எக்ஸ்-கதிர் கனமான அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ள, நியூட்ரான் ஹைட்ரஜனைக் காட்டட்டும். ஹைட்ரஜன் தூரங்களுக்கு அணுக்கரு மதிப்புகளைக் கொடுங்கள்: கார்பனுக்கு 1.09, நைட்ரஜனுக்கு 1.01 அளவு, ஆக்சிஜனுக்கு 0.98 அளவு. எக்ஸ்-கதிர் மதிப்புகள் எலெக்ட்ரான் மேகத்தின் மையத்தைக் குறிப்பவை, 0.1 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் குறுகியவை. பழைய நூலகக் கோப்பு உள்ளே போய்விட்டால் டியூட்டீரியம் எல்லாம் தன் அடர்த்திக்கு உட்பக்கமாக நிற்கும். அது தெரிந்தாலே கோப்பைச் சரிபாருங்கள்.

கேள்விக்குரிய இடங்களில் மட்டும் தொடக்கத்தில் ஹைட்ரஜனோ டியூட்டீரியமோ வைக்காதீர்கள். மற்ற எல்லாம் அடங்கிய பிறகு வேறுபாட்டு வரைபடம் (மாதிரியில் இன்னும் வைக்காததைக் காட்டுவது) போட்டு, 3 சிக்மாவுக்கு (வரைபட ஏற்ற இறக்கத்தின் மூன்று மடங்கு) மேல், சரியான தூரத்தில், சரியான திசையில் நேர்மறை முகடு எழுகிறதா என்று பாருங்கள். ஹிஸ்டிடின் 57-இல் என்-டெல்டா1, என்-எப்சிலான்2 இரண்டையும் ஒரே அளவுகோலில் பார்க்க வேண்டும். முகடு வந்தால் டியூட்டீரியத்தை வைத்து நிரம்பல் அளவை (எவ்வளவு பங்கு டியூட்டீரியம் என்பதை) சீராக்கி, பி-மதிப்பு தாங்கும் அணுவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பென்சமிடினின் வளையத்தில் மாறாத சிஎச்கள் ஐந்தும் எதிர்மறைக் குழிகளாகத் தெரிய வேண்டும். அவை தெரியாவிட்டால் அந்தப் பகுதியின் வரைபடத்தை வைத்து அமிடினைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். இதைவிட நல்ல உள்சோதனை உங்களுக்குக் கிடைக்காது.

நீர் மூலக்கூறுகள் எல்லாம் முக்கோணமாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு டியூட்டீரியமும் அடங்கியிருந்தால் வளைதடி போன்ற வடிவம், ஒன்று மட்டும் அடங்கியிருந்தால் நீள்வட்டம், இரண்டும் சுழன்றால் வெறும் உருண்டை. உருண்டைக்குள் திசையைத் திணித்து வைத்தால் நிரல் ஏற்றுக்கொள்ளும், வாசகர் ஏமாறுவார். உருண்டையாக இருப்பதை ஆக்சிஜனாக மட்டும் விட்டுவிடுங்கள். எஸ்1 குழியில் எது அடங்கியது, எது சுழல்கிறது என்பதே உங்கள் முடிவுகளில் பெரிய பகுதியாக இருக்கும். படிகவியலாளர் கிளேபேயின் குழு 2018-இல் ட்ரிப்சின் கூட்டுகளில் நியூட்ரானால் நீரின் பங்கைத்தான் தேடியது. அதற்கு முந்தைய ஆண்டு, அனிலினும் 2-அமினோபிரிடினும் ட்ரிப்சினில் கட்டுண்டதும் புரோட்டான் ஏற்கின்றன என்று காட்டினார்கள். கரைசலில் உள்ள பி.கே.ஏ.வை மட்டும் வைத்து லிகண்டின் (கட்டுண்ட சிறு மூலக்கூறின்) நிலையை முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அது நல்ல சான்று.

57–102 பிணைப்பைப் பற்றி: கொசியாகாஃபும் ஸ்பென்சரும் 1980–81-இல் மோனோஐசோப்ரொப்பைல்ஃபாஸ்ஃபோரில் குழு ஒட்டிய ட்ரிப்சினில் 2.2 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் டேட்டாவை வைத்தே புரோட்டான் ஹிஸ்டிடினின் மேல் இருக்கிறது, அஸ்பார்டேட்டின் மேல் இல்லை என்று காட்டினார்கள். அதுவரை எதிர்ப்பக்கம் வலுவாக இருந்த வாதம் அதோடு தளர்ந்தது. உங்கள் கூட்டில் செய்ய வேண்டியதும் அதே வகைக் கேள்விதான்.

குறைந்த தடை என்பது அதைவிட நுணுக்கமான கோரிக்கை. ஒளிசெயல் மஞ்சள் புரதத்தில் 2009-இல் 1.5 ஆங்ஸ்ட்ராம் அளவு நியூட்ரான் டேட்டாவில் குளூட்டமிக் 46-க்கும் குரோமோஃபோருக்கும் (ஒளியை உறிஞ்சும் பகுதி) நடுவே டியூட்டீரியம் ஒரு பக்கம் 1.21, மறுபக்கம் 1.37 ஆங்ஸ்ட்ராமில் இருப்பதாக அறிவித்தார்கள். அந்த முடிவே கணிப்பு வேதியியலாளர்களால் கடுமையாக விவாதிக்கப்பட்டது. 2 ஆங்ஸ்ட்ராமில் ஒரு டியூட்டீரியத்தின் இடத்தில் 0.1–0.2 ஆங்ஸ்ட்ராம் தடுமாற்றம் இயல்பு. நீங்கள் அளக்க விரும்பும் வேறுபாடே அந்த அளவுதான். போதாதற்கு, நீங்கள் பார்ப்பது ஹைட்ரஜனை அல்ல, டியூட்டீரியத்தை. பூச்சியநிலை ஆற்றல் குறைவு என்பதால் அது பள்ளத்தில் இன்னும் ஆழமாக அமர்கிறது. வலுவான பிணைப்புகளில் இரு முனை அணுக்களுக்கு நடுவிலான தூரமே டியூட்டீரியத்தால் சற்று நீளும்.

ஆனால் கையிலிருக்கும் 1.1 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ்-கதிர் டேட்டாவை மறந்துவிடாதீர்கள். ஷெல்எக்ஸ்-எல் மென்பொருளில் அஸ்பார்டேட் 102, 189 இரண்டின் கார்பன்–ஆக்சிஜன் தூரங்களுக்குக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, கடைசிச் சுற்றில் முழு அணி மூலம் பிழையளவோடு கணக்கிடுங்கள். இரண்டும் 1.25-ஐ ஒட்டி வந்தால் அது கார்பாக்சிலேட் (புரோட்டான் இல்லாத நிலை). ஒன்று 1.31, மற்றது 1.21 பக்கம் பிரிந்தால் புரோட்டான் அங்கே ஏறியிருக்கிறது. ஹிஸ்டிடினில் நைட்ரஜனை மையமாகக் கொண்ட கோணம் புரோட்டான் இருந்தால் 108-ஐ ஒட்டியும், இல்லாவிட்டால் 105-ஐ ஒட்டியும் இருக்கும். பிழையளவு அனுமதித்தால் இதுவே நியூட்ரான் விடைக்கு வேறு வழியில் கிடைக்கும் துணைச்சான்று, விண்ணப்பத்துக்கும் வலு சேர்க்கும்.

---

பூங்கோதை:

ஷெல்எக்ஸ்-எல் கணக்கை இன்றே ஓட்டுகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: ஆவி வழி மாற்றம் போதுமா, பிறகு திரவத்திலும் ஊறவைக்க வேண்டுமா?

---

தேன்மொழி:

ஆவியில் மூன்று வாரம் முடிந்ததும் அம்மோனியம் சல்ஃபேட்டின் ஹைட்ரஜன் படிகத்துக்குள் மிஞ்சியிருக்கும். அயனி ஆவியில் வெளியேறாது, அதன் ஹைட்ரஜன் மட்டும் செருகோடு மெல்ல மாறும். அதனால் உங்கள் படிகத்துக்கு இரண்டும் தேவை. ஆவி மாற்றத்துக்குப் பிறகு குழாயைத் திறந்து, மும்முறை உலர்த்திய உப்பில் தயாரித்த கனநீர்த் தாய்க்கரைசலை 20 சதவீதம் வீதம் கூட்டி, ஒவ்வொரு படிக்கும் சில மணி நேரம் விடுங்கள். முழுதும் மாறியதும் இரண்டு மூன்று நாள் ஊறட்டும். பென்சமிடினை அந்தக் கரைசலிலும் அதே அளவில் சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழியிலிருந்து அது கரைந்து வெளியேறும். பிறகு திரவத்தை உறிஞ்சி எடுத்து, புதுச் செருகு வைத்து, கற்றைக்குப் போகும் குழாயாகவே அடைத்துவிடலாம். விரிசல் தென்பட்டால் அந்தப் படிகத்தை எக்ஸ்-கதிருக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். குறைந்தது மூன்று பெரிய படிகமாவது தயாராக வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.